எப்படியும் போகிறவள்

ஒருத்தியின் வேலையை நான் பறித்தேன். என்னை நம்பி அவள் சொன்ன ரகசியத்தை மேலாளரிடம் போட்டுக்கொடுத்துப் பறித்தேன். இன்று ஒரு பள்ளிக்கூடத்தில் மனநல ஆலோசகர் என்று பெயர்ப்பலகை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேனே, அந்த நாற்காலி எனக்கு அப்படித்தான் கிடைத்தது.

சொல்லிவிட்டேன். இப்போது கைதட்டுங்கள் பார்க்கலாம்!

போன மாதம் எங்கள் சேலையூர் குடியிருப்போர் சங்க ஆண்டு விழாவில் தட்டினீர்களே, அதேபோல. மேடையில் என்னை நிறுத்திப் பொன்னாடை போர்த்தினீர்கள். இருபத்து மூன்று வருட கணினி வேலையை உதறிவிட்டு, நாற்பத்தெட்டு வயதில் பிள்ளைகளின் மனக்கவலையைக் கேட்க வந்த துணிச்சல்காரர் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தீர்கள். துணிச்சலாம்... அந்த வார்த்தையைக் கேட்டதும் மைக்கைப் பிடுங்கித் தரையில் அடிக்கத் தோன்றியது எனக்கு. அடிக்கவில்லை. கும்பிட்டுச் சிரித்தேன்.

இரண்டாவது வரிசையில் இருந்து ஒருவர் எழுந்து கேட்டார். என் வயதுதான் இருக்கும். முகம் வாடியிருந்தது. "சார், எனக்கும் வேலைய மாத்தணும்னு ரொம்ப நாளா ஆசை. எப்படி ப்ரிப்பேர் பண்ணீங்க?"

நான் வரிசையாக அடுக்கினேன். குடும்பத்தோடு கலந்து பேசுங்கள், அவசரப்படாதீர்கள், வேலையில் இருந்துகொண்டே படியுங்கள். கடைசியாகச் சொன்னேன்: "முக்கியமா, ஆபீஸ்ல மூச்சு விட்டுடாதீங்க!" எல்லோரும் சிரித்தார்கள். அவர் அதைக் கையிலிருந்த அழைப்பிதழின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார்.

ஆபீஸில் மூச்சு விட்ட ஒருத்தியின் கதி என்ன ஆயிற்று என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால்? அப்போதும் எதையாவது சொல்லி மழுப்பியிருப்பேன். எனக்கு அது கைவந்த கலை.

அவள் பெயர் மாலதி.

என் குழுவில் இருந்த பதினோரு பேரில் ஒருத்தி. என்னைவிட ஐந்து வயது இளையவள். நான் கேம்ப் ரோட்டில் கம்பெனி பஸ் ஏறுவேன். அவள் வீடு மாடம்பாக்கத்தில். ராஜகீழ்ப்பாக்கம் நிறுத்தத்தில் ஏறுவாள். சோழிங்கநல்லூர் போய்ச் சேர ஒரு மணி நேரம், மேடவாக்கத்தில் மாட்டிக்கொண்டால் ஒன்றரை. ஆபீஸில் எல்லோரும் எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்பது சட்டம். அங்கே நான் 'ஜெய்'. பஸ்ஸில் மட்டும் அவளுக்கு நான் 'அண்ணா'.

ஒருநாள் பஸ்ஸில் பள்ளிப் பிள்ளை மாதிரி பழுப்புக் காகிதத்தில் அட்டை போட்ட தடிமனான புத்தகம் ஒன்றை எடுத்து மடியில் வைத்தாள்.

"என்ன மாலதி, பொண்ணோட புக்கா?"

"என்னோடதுண்ணா. எம்.எஸ்ஸி. சைக்காலஜி, கரஸ்ல சேர்ந்திருக்கேன்" என்றாள் மெதுவாக. "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. இன்னும் ரெண்டு வருஷம் இங்க ஓட்டியாகணும். டிகிரி கைக்கு வந்தப்புறம்தான் பேப்பர் போடுவேன்."

பேப்பர் போடுவது என்றால் எங்கள் பேச்சில் ராஜினாமா செய்வது.

"நான் போய் யார்கிட்ட சொல்லப்போறேன்?" என்றேன்.

இந்த ஒரு வரியைத்தான் மூன்று வருடமாக மென்றுகொண்டிருக்கிறேன்.

அவள் மகள் பத்தாம் வகுப்பில் திடீரென்று யாருடனும் பேசாமல் ஒடுங்கிப்போயிருக்கிறாள். சோறு இறங்கவில்லை. பள்ளியில் போய்க் கேட்டால், மதிப்பெண் குறைகிறது என்று மட்டும் சொன்னார்களாம். உட்கார்ந்து அந்தப் பெண் சொல்வதைக் கேட்க ஓர் ஆள் அந்தப் பெரிய கட்டடத்தில் இல்லை. எப்படியோ மகள் மீண்டு வந்து, இப்போது பொத்தேரியில் கல்லூரிக்குப் போகிறாள். ஆனால் மாலதி அதை மறக்கவில்லை. ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்தில், அப்படியொரு அறையில், தான் உட்கார வேண்டும் என்று முடிவு செய்துவிட்டாள். கணவரின் அச்சகம் மூடிக்கிடந்தது. வீட்டில் சம்பளம் என்று வந்தது அவளுடையதுதான். அதனால்தான் அந்த இரண்டு வருடக் கணக்கு.

எனக்கு என்ன இருந்தது? வெறுப்பு இருந்தது! தினமும் காலையில், என்னைவிடப் பத்து வயது இளைய மேலாளர் முன்னால் நின்றுகொண்டே, நேற்று என்ன முடித்தேன், இன்று என்ன முடிப்பேன் என்று பாடம் ஒப்பிக்கும் வாழ்க்கை மீது வெறுப்பு. நாற்பத்தைந்து வயதுக்கு மேல் உள்ளவர்களை அந்த மாடியில் விரல் விட்டு எண்ணிவிடலாம். எப்போது தள்ளுவார்கள் என்ற பயம் வேறு. வெளியே போக வேண்டும் என்று தெரியும். எங்கே போவது என்று தெரியவில்லை.

மாலதியின் புத்தகம் எனக்கு வழி காட்டியது. ஆமாம்... நானாகக் கண்டுபிடித்த பாதை என்று நீங்கள் மேடையில் புகழ்ந்த பாதை அவளுடையது. அடுத்த வருடம் நானும் அதே படிப்பில் சேர்ந்தேன். விண்ணப்பத்தை அவள்தான் பஸ்ஸில் வைத்து நிரப்பிக் கொடுத்தாள். தாம்பரம் மேற்கில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. நான் ஆராதனைக்கு வராமல் வகுப்புக்குப் போகிறேன் என்று என் மனைவி கிரேஸ் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாள். மாலதி தன் முதலாண்டுக் குறிப்புகளை எல்லாம் என்னிடம் தந்தாள். முக்கியமான இடங்களில் பச்சைப் பென்சிலால் கோடு போட்டிருந்தாள்.

ஆலோசகருக்கு முதல் ஒழுக்கம், வந்தவர் சொன்னதை வெளியே சொல்லாமல் இருப்பது. அதை எனக்குப் பஸ்ஸில் விளக்கிச் சொல்லிக்கொடுத்தவள் அவளே. பெருமாட்டுநல்லூருக்கோ பெங்களூருக்கோ போய் இந்தப் பாவத்தை நான் தேடவில்லை. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து என்னை நம்பியவளிடமே செய்தேன்.

இப்போது அந்த மார்ச் மாதத்துக்கு வருகிறேன்.

எங்கள் தொழிலில் ஒரு கேவலமான ஏற்பாடு உண்டு. வருடக் கடைசியில் குழுவில் உள்ள ஒவ்வொருவருக்கும் தரம் போட வேண்டும். எல்லோரும் நன்றாக வேலை செய்திருந்தாலும், எல்லோருக்கும் நல்ல தரம் போட முடியாது. மேலே இத்தனை பேர், நடுவில் இத்தனை பேர், அடியில் கட்டாயம் ஒருவராவது இருந்தாக வேண்டும். அடியில் போட ஆள் இல்லாவிட்டால்? கண்டுபிடிக்க வேண்டும்! ஆளைக் கண்டுபிடிப்பது என்னைப் போன்ற குழுத்தலைவனின் வேலை.

அதற்கு எங்களுக்குள் எங்கும் எழுதாத வழக்கம் ஒன்று இருந்தது. வேறு கம்பெனியில் வேலை உறுதியாகி, எப்படியும் போகப்போகிறவர் யாராவது இருந்தால் அவரை அடியில் போட்டுவிடுவோம். அவருக்கு நட்டம் இல்லை, இருக்கிறவர்களும் தப்பித்தார்கள். இதை நாங்கள் மனிதாபிமானம் என்றுகூட நினைத்துக்கொண்டோம். வெட்கம்!

மேலாளர் என்னைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார்.

"ஜெய், உங்க டீம்ல அடியில ஒருத்தர்கூட இல்ல. மேல இருந்து திருப்பி அனுப்பிட்டாங்க. எப்படியும் பேப்பர் போடப்போறவங்க யாராவது இருக்காங்களா?"

நான் மேசை மேல் இருந்த தரப் பட்டியலைப் பார்த்தேன்.

"இல்லன்னா சொல்லுங்க, லீட் சரியில்லைன்னு உங்களத்தான் அங்க வைக்கணும். எனக்கும் வேற வழி இல்ல."

எனக்குப் படிப்பு முடிய இன்னும் ஒன்றரை வருடம் இருந்தது. ஒன்றரை வருடச் சம்பளம் வேண்டும். அந்த நிமிடத்தில் நான் யோசித்தது அவ்வளவுதான். அவளுக்கு இன்னும் ஆறு மாதமாவது வேண்டும் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். அவள் கையில் வேறு வேலை எதுவும் இல்லை என்று தெரியாதா? தெரியும்!

"மாலதி போயிடுவாங்க" என்றேன். "சைக்காலஜி படிக்கிறாங்க. இந்த ஃபீல்ட விட்டே போறாங்க."

"அப்படியா! முன்னாடியே சொல்லக்கூடாதா?" மேலாளர் முகம் மலர்ந்துவிட்டது. காபி குடிக்கிறீர்களா என்று கேட்டார். குடித்தேன்.

அதே படிப்பை நானும் படிக்கிறேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

நீங்கள் எனக்காக வாதாட வருவீர்கள், எனக்குத் தெரியும். தரம் குறைந்தால் சம்பள உயர்வு போகும், வேலையே போகும் என்று எனக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்பீர்கள். தெரிந்திருந்தது ஐயா! ஆட்குறைப்பு வரப்போகிறது என்று சாப்பாட்டுக் கூடத்தில் இரண்டு மாதமாக அதே பேச்சு. வந்தால் அடியில் இருப்பவர்களிடம்தான் முதலில் வருவார்கள் என்பது அங்கே சேர்ந்து ஆறு மாதம் ஆனவனுக்குக்கூடத் தெரியும்.

ஜூனில் வந்தார்கள். அவளை ஓர் அறைக்குக் கூப்பிட்டு, நீங்களாகவே பேப்பர் போட்டால் சான்றிதழ் நன்றாக வரும் என்றார்கள். போட்டாள்.

இன்னும் இருக்கிறது. போகிறவர் தன் வேலையை முழுக்க இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். மாலதியிடம் இருந்து வேலையைக் கற்றுக்கொள்ள யாரை உட்கார வைத்தார்கள் தெரியுமா? என்னை. இரண்டு வாரம் அவள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். கோபத்தில் எதையாவது மறைத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தாலும் யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள். அவள் ஒன்றையும் மறைக்கவில்லை. எங்கே எது அடிக்கடி நின்றுபோகும், யாரிடம் கேட்டால் நடக்கும் என்பது வரை பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள்.

மூன்றாம் நாள் பாதியில் நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"நான் படிக்கிறது அவங்களுக்குத் தெரிஞ்சிருக்குண்ணா. 'உங்களுக்கு வேற ப்ளான் இருக்காமே'ன்னு கேட்டாங்க. யார் சொல்லியிருப்பாங்க?"

நான் நோட்டில் எதையோ எழுதுவது போலக் குனிந்துகொண்டேன்.

"போன டிசம்பர்ல லீவ் போட்டப்போ காரணம்னு இருந்த இடத்துல எக்ஸாம்னு எழுதித் தொலைச்சேன். அதுல இருந்துதான் பிடிச்சிருப்பாங்க, இல்ல? என் தப்புதான். உடம்பு சரியில்லைன்னு எழுதியிருக்கலாம்."

"அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

அப்படித்தான் இருக்கும்! அவள் வேலையைப் பறித்தது ஒரு பாவம் என்றால், இது அதைவிடப் பெரியது. தன் வாழ்க்கையைத் தானே கெடுத்துக்கொண்டதாக ஒருத்தி நினைக்கும்படி விட்டேன். இன்றுவரை அவள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாள். ஒரு விடுமுறை விண்ணப்பத்தில் உண்மையை எழுதியதற்காகத் தன்னைத் தானே திட்டிக்கொண்டிருக்கிறாள்.

பிறகு என்ன? நான் சௌகரியமாகப் படித்தேன். ராஜகீழ்ப்பாக்கத்தில் யாரும் ஏறாத பஸ்ஸில், பச்சைக்கோடு போட்ட குறிப்புகளைப் புரட்டிப் படித்தேன். ஆலோசனை ஒழுக்கம் பற்றிய தாளில்தான் எனக்கு அதிக மதிப்பெண். ரகசியம் காப்பது பற்றி நான்கு பக்கம் எழுதினேன். திருத்தியவர் என்னை நேரில் பார்த்திருந்தால் காறித் துப்பியிருக்க வேண்டும்.

பட்டம் வந்ததும் பெருங்களத்தூர் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் வேலை கிடைத்தது. மகிழ்ச்சியாக, மாலை மரியாதையோடு பேப்பர் போட்டேன்.

மாலதிக்கு நாற்பத்திரண்டு வயதில் கணினித் துறையில் யாரும் வேலை தரவில்லை. ஆறு மாதம் அலைந்தாள். கடைசியில் மேடவாக்கத்தில் ஒரு மருத்துவமனையில், நோயாளிகளுக்கு டோக்கன் கொடுக்கும் இடத்தில் சேர்ந்திருக்கிறாள் என்று யாரோ சொன்னார்கள். வாரத்தில் ஆறு நாள், ஞாயிறும் சேர்த்து. நான் ஒருமுறைகூடப் போய்ப் பார்க்கவில்லை. "மாலதி மாலதின்னு உயிரா இருப்பீங்க, இப்ப ஒரு போன்கூட பண்றதில்ல, என்ன ஆச்சு?" என்று கிரேஸ் கேட்டாள். வேலை அதிகம் என்றேன்.

எங்கள் சபையில் குருவானவரிடம் தனியாகப் போய் மண்டியிட்டுச் சொல்லும் வழக்கம் கிடையாது. ஞாயிறுதோறும் எல்லோரும் சேர்ந்து பாவ அறிக்கை வாசிப்போம். முந்நூறு பேர் குரலில் என் குரல் எங்கே கேட்கப்போகிறது? எனக்கு அது நல்ல வசதியாகப் போயிற்று.

பள்ளியில் என் அறைக்கு வரும் ஒவ்வொரு பிள்ளையிடமும் முதலில் ஒன்று சொல்ல வேண்டும். சொல்கிறேன். "இங்க பேசுறது இந்த ரூமத் தாண்டிப் போகாது." ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி என்னை உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "சத்தியமா சார்?" சத்தியமாக என்றேன். அவள் அழ ஆரம்பித்தாள். எனக்கு அவள் மீதுகூடக் கோபம் வந்தது. ஏன் இவ்வளவு சுலபமாக நம்புகிறீர்கள் எல்லோரும்?

இத்தோடு முடிந்திருந்தால், பழைய தப்பு, மனசாட்சி உறுத்துகிறது, எழுதிவிட்டான் என்று நீங்களும் என்னை மன்னித்திருப்பீர்கள். முடியவில்லை. கேளுங்கள்.

இரண்டு வாரம் முன்பு போன் வந்தது.

"அண்ணா, மாலதி பேசுறேன். ஞாபகம் இருக்கா?"

அந்த டோக்கன் வேலைக்கு நடுவில், விடாமல், எல்லாத் தாளும் எழுதித் தேறிவிட்டாளாம். களப்பயிற்சி ஒன்றுதான் பாக்கி. வேலையில் இருக்கும் ஓர் ஆலோசகரோடு உட்கார்ந்து நூறு மணி நேரம் பழக வேண்டும். அது முடிந்தால் பட்டம்.

"நாலு ஸ்கூல்ல கேட்டுட்டேண்ணா, யாரும் சேர்க்கல. இந்த வருஷத்தோட என் ரெஜிஸ்ட்ரேஷன் முடியுது. விட்டா மறுபடி முதல்ல இருந்து சேரணும், அது என்னால ஆகாது. உங்க ஸ்கூல்ல உங்ககிட்ட பண்ணலாமா? சனிக்கிழமைக்கு நான் ஆஃப் மாத்திக்கிறேன். சம்மதக் கடிதம் மட்டும் மாசக் கடைசி வெள்ளிக்குள்ள குடுக்கணும்."

கேட்டுச் சொல்கிறேன் என்றேன். மறுநாளே தலைமை ஆசிரியையிடம் கேட்டேன். அவர் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "தாராளமா வரட்டும் சார், உங்களுக்கும் ஒத்தாசையா இருக்கும்" என்று சொல்லிக் கடிதத்தை அடிக்கச் சொல்லிக் கையெழுத்தும் முத்திரையும் போட்டுக் கொடுத்துவிட்டார். கீழே என் கையெழுத்து மட்டும் போட வேண்டும்.

கடிதத்தோடு என் அறைக்கு வந்து உட்கார்ந்தேன். எதிர் நாற்காலியைப் பார்த்தேன். சனிக்கிழமைதோறும் அதில் மாலதி. கையில் நோட்டு, பச்சைப் பென்சில். நான் பிள்ளைகளிடம் அந்த முதல் வாக்கியத்தைச் சொல்வேன். அவள் அதைக் குறித்துக்கொள்வாள்...

என்னால் முடியாது என்று தோன்றியது. அவளுக்கு எது நல்லது என்ற எண்ணம் அப்போதும் எனக்கு வரவில்லை பாருங்கள்! எனக்கு எது தாங்கும் என்றுதான் அப்போதும் பார்த்தேன்.

அவளுக்குச் செய்தி அனுப்பினேன். நிர்வாகம் ஒத்துக்கொள்ளவில்லை, வெளி ஆட்களை விடுவதில்லையாம், மன்னிக்கவும் என்று.

ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது. "பரவால்லண்ணா. எனக்காகப் போய்க் கேட்டீங்களே, ரொம்ப தேங்க்ஸ்."

நான் அதற்கு ஒரு கைகூப்பும் பொம்மையை அனுப்பினேன்.

இப்போது திட்டுங்கள். மேடையில் போட்ட பொன்னாடையைத் திருப்பிக் கேளுங்கள். அந்த இரண்டாவது வரிசைக்காரரிடம் யாராவது போய், அழைப்பிதழில் எழுதியதைக் கிழித்துப்போடச் சொல்லுங்கள்.

இன்று புதன்கிழமை. நாளை மறுநாள் அந்தக் கடைசி வெள்ளி. கடிதம் என் பையில், தண்ணீர் பாட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஒரு கையெழுத்துப் போட்டு, மாடம்பாக்கம் வரை வண்டியில் போனால் பதினைந்து நிமிடம். அவள் வீடு எனக்குத் தெரியும். நடந்தது அத்தனையும் சொல்ல வேண்டாம், கடிதத்தையாவது கொடு என்று நீங்கள் கத்துவது கேட்கிறது. எனக்கும் அதுதான் தோன்றியது. பள்ளி விட்டு வந்ததும் போனை எடுத்தேன். அவள் பெயர் வரைக்கும் போனேன்.

பிறகு போனை வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

அவளிடம் சொல்ல வேண்டியது அவ்வளவையும் யாரென்றே தெரியாத உங்களிடம் கொட்டித் தீர்த்துவிட்டேன். உட்காரும்போது மணி நாலரை. இப்போது ஏழாகிறது. கிரேஸ் சாப்பிடக் கூப்பிடுகிறாள். கடிதத்தில் நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.